வியாழக்கிழமை ராத்திரி இரண்டு மணி

மகனே,

சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஊருக்குப் போக எல்லாம் கட்டி வைத்துவிட்டாயா என்று கேட்டுத்தான் எந்தத் தாயும் ஆரம்பிப்பாள். நான் கேட்கப் போவதில்லை. சாப்பிட்டிருப்பாய். போன ஞாயிற்றுக்கிழமை வந்து மடவை மீன் குழம்பை இரண்டாம் தடவை வாங்கிப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாய். தூக்கமும் உனக்குக் குறையில்லாமல் வருகிறது, அன்று மத்தியானம் மின்விசிறிக்குக் கீழே நீ குறட்டை விட்டதைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். பெட்டி கட்டுவதற்கு உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இன்னும் சில நாளில் விமானம் ஏறிவிடுவாய். நேரில் பேசலாம் என்று பார்த்தேன், நீ பேச விடவில்லை. போனில் பேசலாம் என்றால் "மீட்டிங்ல கீறேன் ம்மா" என்கிறாய். அதனால் பத்தாவதோடு நின்றுபோன என் கையெழுத்தில் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன் என்று உனக்குத் தோன்றும். ஆமாம், கோபத்தில்தான் எழுதுகிறேன்.

உன் ஆபீஸ்காரர்களுக்குப் பாடு என்றால் என்ன என்று நீ விளக்கியபோது நான் பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். பாதி இங்கிலீஷிலும் பாதி தமிழிலும் அழகாகச் சொன்னாய். ஏரி ஒன்று, வலை போடுகிறவர்கள் நிறைய, இறால் ஓடுகிற இடம் மட்டும் கொஞ்சம். அதனால் அந்த இடங்களைப் பாடு பாடாகப் பிரித்து, ஊர் சபையில் சீட்டுக் குலுக்கி, இந்த ராத்திரி இந்தப் பாடு இன்னாருக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். ஒருவன் முறையில் இன்னொருவன் வலை இறக்கினால் எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு குற்றம் கிடையாது. இப்படிச் சொல்லிவிட்டு, "போலீசே தேவையில்லை, எல்லாம் நம்பிக்கைதான்" என்றாய். கம்ப்யூட்டர் திரையில் இருந்த பெண் கை தட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்த நம்பிக்கையை வைத்துத்தான் நீ அந்தப் போன் ஆப்பைச் செய்தாய். சபையில் முடிவான முறையை ஊர்த் தலைவர் வாட்ஸ்அப்பில் இருக்கிற ஊர் குரூப்பில் எழுதிப் போடுவார். அவர் எழுதுகிற எழுத்தை உன் புரோகிராம் படித்து, நாளாகவும் மணியாகவும் மாற்றி, முறைக்காரன் போனில் நேரத்தைக் காட்டி மணி அடிக்கும். இனி முறை மறந்துபோச்சு என்று யாரும் சொல்ல முடியாது என்று தலைவர் உனக்குச் சால்வை போர்த்தினார்.

அதைச் செய்ய நீ பட்ட பாடு எனக்குத் தெரியும், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். லீவு எடுத்துக்கொண்டு வந்து கூடத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "கம்ப்யூட்டருக்கு வெள்ளிக்கிழமைன்னா இன்னான்னு தெரியாது ம்மா. அதுக்கு அது வெறும் எழுத்து. எழுத்த எடுத்து நாளா மாத்திக் குடுக்கணும்" என்றாய். நம் ஆட்கள் எழுதுகிற எழுத்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாய். ஒருவர் ஐந்தரை என்று எழுதுவார், இன்னொருவர் ஐந்துக்கும் முப்பதுக்கும் நடுவில் புள்ளி வைப்பார், உன் நைனா கோடு போடுவார். தேதியை ஒருவர் இங்கிலீஷ் மாதத்தில் எழுதினால் இன்னொருவர் தை, மாசி என்று எழுதுவார். யாரோ ஒருவர் "நாளன்னிக்கி பொழுது சாய" என்று போட்டிருந்ததைப் பார்த்து நீ சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. ஒவ்வொன்றையும் எழுதி வைத்துக்கொண்டு அதற்குச் சொல்லிக்கொடுத்தாய். அப்போது நீ ஒன்று சொன்னாய். "புரியலன்னா புரியலன்னு திருப்பிக் கேக்கணும் ம்மா. அதுவா ஊகிச்சி ஒரு நாள எழுதிடக் கூடாது. அதுதான் ரொம்ப டேஞ்சர்." நல்ல புத்தி என்று நினைத்துக்கொண்டேன். என் மகனுக்கும் அது இருக்கிறது என்று நம்பிக்கொண்டேன்.

நீ சின்னவனாக இருக்கும்போது, உன் நைனா படகு தள்ளப் போகிற சத்தத்தில் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் விழித்துக்கொள்வாய். "ம்மா, இது இன்னிக்கா, நாளைக்கா?" என்று கேட்பாய். "தூங்கி எழுந்தாத்தான்டா நாளைக்கு, படு" என்பேன். இந்த ஊரில் எல்லாருக்கும் கணக்கு அதுதான். வியாழக்கிழமை பொழுது சாய்ந்தால் விடிகிற வரைக்கும் அது வியாழக்கிழமை ராத்திரி. நடுவில் பன்னிரண்டு அடித்ததா இல்லையா என்று எந்த மீன்காரனும் பார்ப்பதில்லை. இதை உனக்கு நான் சொல்லித்தரவில்லை, பாலோடு வந்தது. ஆனாலும் உன் புரோகிராமுக்கு அதைச் சொல்ல மறந்துவிட்டாய். மறதி எல்லாருக்கும் வரும். நான் கூட உனக்குத் தடுப்பூசி போட வேண்டிய வாரத்தை மறந்து, நர்சம்மாவிடம் ஏச்சு வாங்கினவள்தான். மறந்ததற்காக இந்தக் கடிதம் இல்லை.

முதல் பருவம் முழுக்க உன் ஆப் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. ஏனென்றால் எல்லா முறையும் சாயங்காலம் தொடங்கி விடியும் வரைக்கும் போனது. மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்து இறால் நன்றாக ஏற ஆரம்பித்தபோது ஆளுக்கு ஒரு முழு ராத்திரி கட்டுப்படியாகாது என்று சபையில் முடிவு செய்து, ஒரு வியாழக்கிழமையிலிருந்து ராத்திரியை இரண்டாக வெட்டினார்கள். பத்து மணிக்கு ஒருவர், இரண்டு மணிக்கு ஒருவர். இரண்டு மணி முறை முதன்முதலாக விழுந்தது உன் ஏகாம்பரம் மாமாவுக்கு. தலைவர் குரூப்பில் "வியாழன் ராத்திரி 2 மணி, ஏகாம்பரம்" என்று சரியாகத்தான் போட்டார். உன் புரோகிராம் வியாழனையும் பார்த்தது, இரண்டையும் பார்த்தது, காலண்டரில் வியாழக்கிழமை எங்கே ஆரம்பிக்கிறதோ அங்கேயிருந்து இரண்டு மணி எண்ணி வைத்துவிட்டது. நம் கணக்கில் அது புதன்கிழமை ராத்திரி. அது யாரையும் திருப்பிக் கேட்கவில்லை.

அந்தப் புதன்கிழமை ராத்திரி முழுக்கத் தேசப்பப் பெரியவருடைய முறை. அவர் உன் ஆப்பில் சேராதவர், பித்தான் வைத்த போன் வைத்திருப்பவர். வலையை இறக்கிவிட்டு அவரும் பிள்ளைகளும் கரையில் கண் அசந்திருக்கிறார்கள். ஏகாம்பரத்தின் போன் அடித்தது. தூக்கக் கலக்கத்தில் எழுந்து பார்த்திருக்கிறான், ஆப்பிலும் வியாழன் இரண்டு மணி, போனின் தலையிலும் வியாழன் இரண்டு மணி. கிளம்பிவிட்டான். அங்கே போனால் தேசப்பன் வலை இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. முறை முடிந்தும் கிழவன் எடுக்காமல் தூங்குகிறான் என்று நினைத்து, அதை அவிழ்த்துப் படகில் மடித்து வைத்துவிட்டுத் தன் வலையை இறக்கியிருக்கிறான். திருட வந்தவன் அடுத்தவன் வலையை மடித்து வைப்பானா? ஆனால் அதைக் கேட்க யாருக்குப் பொறுமை இருந்தது. விடியலில் தேசப்பன் பிள்ளைகள் அவன் வலையைக் கத்தியால் கிழித்துத் தண்ணீரில் விட்டார்கள். ஊரே எழுந்துகொண்டது.

நான்தான் உனக்குப் போன் செய்தேன். "உன் போன் சொல்லிச்சின்னுதான் பூட்டேன்னு மாமா அழுவுறான்டா, இன்னா ஏதுன்னு பாரு" என்றேன். மத்தியானம் நீ திருப்பிக் கூப்பிட்டாய். உன் நைனா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், போனைத் தட்டுக்குப் பக்கத்தில் சத்தமாக வைத்தேன். எது எப்படி நடந்தது என்று நீ எங்கள் இருவருக்கும் விளக்கமாகச் சொன்னாய். உன் புரோகிராமைப் பற்றி நான் மேலே எழுதியதெல்லாம் நீ சொன்னதுதான். "என் மிஸ்டேக்தான் ம்மா. ராத்திரின்னு போட்டு அஞ்சு மணிக்குள்ள வந்தா அடுத்த நாளுக்குத் தள்ளணும், அத வுட்டுட்டேன். இப்ப சரி பண்ணிட்டேன், இனிமே வராது." உன் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. "அப்ப சாயந்தரம் சபையில இத சொல்லிடு கண்ணு" என்றேன். "பாக்கறேன் ம்மா" என்றாய். உன் நைனா பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்து போனார். நான் அதையும் கவனித்தேன், ஆனால் அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

சாயங்காலம் அம்மன் கோயில் முன்னால் சபை கூடியது. பெண்கள் சபைத் தரையில் கால் வைக்கக் கூடாது என்பதால் நாங்கள் வலைக் கொட்டகைப் பக்கம் நின்றிருந்தோம். ஏகாம்பரம் பெண்டாட்டி வசந்தா என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஏகாம்பரம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடுவில் வந்தான். "நான் பொய் சொல்லல. இதோ பாருங்க, இதுலயே கீது" என்று ஆப்பைத் திறந்து தலைவரிடம் கொடுத்தான். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்தார். அவர் பார்த்து இன்னொருவரிடம் கொடுத்தார். "இதுல வெள்ளிக்கிழம ரெண்டு மணின்னு கீதே, ஏகாம்பரம்" என்றார் தலைவர். அவன் பிடுங்கிப் பார்த்தான். திரும்பத் திரும்பத் தேய்த்துப் பார்த்தான். மத்தியானம் நீ புரோகிராமைச் சரி செய்தபோது பழைய எழுத்தையெல்லாம் அது மறுபடி படித்து, எல்லார் போனிலும் நேரத்தை மாற்றி எழுதிவிட்டது. ராத்திரி அவன் கண்ட தப்பு இருந்த இடத்தில் இப்போது சரி உட்கார்ந்திருந்தது. சிலர் சிரித்தார்கள். அவன் முகத்தை அன்று நீ பார்த்திருக்க வேண்டும்.

பெரியவர்கள் நியாயமாகத்தான் நடந்துகொண்டார்கள். செய்தவனையே கேட்டுவிடலாம் என்று உன்னைக் கூப்பிட்டார்கள். தலைவர் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்தார். "தம்பி, உன் மிசினு நேரத்த தப்பா காட்டுமா?" ஒரே ஒரு கேள்வி. நான் நின்ற இடத்தில் நிம்மதியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன், இதோ சொல்லப் போகிறான் என்று வசந்தா கையைத் தட்டிக் கொடுத்தேன்.  நீ சொன்னாய். "குரூப்புல இன்னா போடறீங்களோ அதத்தான் காட்டும் மாமா." அவ்வளவுதான். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் சபை நடந்தது என்று எனக்குத் தெரியாது. உன் நைனா பெரியவர்கள் வரிசையில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏகாம்பரத்துக்கு இந்தப் பருவத்தில் மிச்ச முறை கிடையாது, அடுத்த சுற்றுச் சீட்டிலும் அவன் பேர் போடக் கூடாது என்று தீர்ப்பானது. அன்று ராத்திரி இரண்டு மணிக்கு, உன் ஆப் சரியான நேரத்துக்கு அவன் வீட்டில் மணி அடித்ததாம். யாரும் எழுந்து அணைக்கவில்லை என்று வசந்தா பிறகு சொன்னாள்.

நான் உன்னைத் திட்டினேன், நீயும் பதில் சொன்னாய். அந்த வாரம்தான் வெளிநாட்டு வேலைக்கான நேர்காணல், அதில் இந்த ஆப்பைத்தான் காட்டியிருக்கிறாய், ஊரிலிருந்து யாராவது அதைப் பற்றித் தப்பாக எழுதினால் எல்லாம் போய்விடும், வேலை உறுதியானதும் ஊருக்கு வந்து நானே சொல்கிறேன் என்றாய். நான் நம்பினேன். இல்லை, நம்ப வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பிள்ளை வெளிநாடு போகிறான் என்று மீன் கூடையோடு பஸ் ஏறும்போதெல்லாம் திருப்பாலைவனம் வரைக்கும் பார்க்கிறவர்களிடம் சொல்லிக்கொண்டு போனவள் நான். வசந்தா எதிரே வந்தால் கூடையைச் சரி செய்கிற மாதிரி குனிந்துகொண்டேன். ஏகாம்பரம் இப்போது விடியலில் மீஞ்சூருக்குப் போய் ஏதோ கட்டட வேலையில் கல் சுமக்கிறான். தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவன், சிமெண்ட் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெந்துபோய் வருகிறான். அவன் பெண்ணைப் பள்ளிக்கூடத்தில் "பாடு திருடன் பொண்ணு" என்று கூப்பிடுகிறார்கள். உன் வேலை உறுதியாகி மூன்று அமாவாசை போய்விட்டது. நீ வந்து சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

நீ படித்தவன், உனக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதி இல்லை என்று உன் நைனா சொல்கிறார். சரி, அறிவுரையாக வேண்டாம், மனதில் இருப்பதாகச் சொல்கிறேன். தப்பு செய்யாத கை எங்கேயும் கிடையாது. உன் நைனா ஒருமுறை பனியில் துறை தெரியாமல் அடுத்த ஊர்க் கரையில் படகை ஏற்றிவிட்டு, அந்த ஊர்க்காரர்களிடமே டீ வாங்கிக் குடித்துவிட்டு வந்தார், ஊரே ஒரு மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது, அவரும் சேர்ந்து சிரித்தார். நீயும் அன்று சபையில் "என் மிஸ்டேக்தான்" என்று எங்களிடம் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் இரண்டு நாள் கேலி பேசியிருப்பார்கள். தலைவர் சால்வையைத் திருப்பிக் கேட்டிருக்க மாட்டார். தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு யந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க நினைத்தவன், தெரிந்ததைத் தெரியாதது மாதிரி மறைத்தாய். இதை எந்தப் புரோகிராமில் போய்ச் சரி செய்வாய்? போகிற தேசத்தில் எங்களுக்குப் பகல் என்றால் உனக்கு ராத்திரியாம். போன் செய்யும்போது இங்கே என்ன கிழமை, அங்கே என்ன கிழமை என்று நீ கச்சிதமாகக் கணக்குப் பார்ப்பாய், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதிரே நிற்கிற மனிதன் உன்னால் என்ன ஆனான் என்று பார்க்கத்தான் உனக்கு வரவில்லை. அதை நான் எங்கே சொல்லித்தரத் தவறினேன் என்று யோசித்து யோசித்து எனக்கு அலுத்துவிட்டது.

இதெல்லாம் கூட நான் விழுங்கிக்கொண்டு உன்னை வழியனுப்பியிருப்பேன். தாய்க்கு வெட்கம் கிடையாது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நீ கிளம்பும்போது நடந்ததை என்னால் விழுங்க முடியவில்லை. பஸ் நிறுத்தத்தில் ஏகாம்பரம் நின்றிருந்தான். உன்னைப் பார்த்ததும் ஓடி வந்து உன் பெட்டியை வாங்கிப் பஸ் படியில் ஏற்றினான். "நல்லா இரு மாப்ள, அக்காவுக்கு அடிக்கடி போன் பண்ணு" என்றான். என் சித்தப்பா மகன், கூடப் பிறக்காத தம்பி. நீ பிளஸ் டூ பரீட்சைக்குப் போக வேண்டிய அன்று காற்றும் மழையுமாக ஒரு படகும் ஓடாதபோது, உன்னை உட்கார வைத்துத் தனியாகக் கோல் ஊன்றிக் கரை சேர்த்தவன் அவன்தான். அது உனக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று சொல்லவில்லை, ஞாபகம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அவன் உன்னிடம் தலையைச் சொறிந்துகொண்டு கேட்டான். "மாப்ள, கோச்சிக்காத. ஒண்ணே ஒண்ணு கேக்கறன். அன்னிக்கி என் போன்ல வியாழன்னு நான் பாத்தது நெசந்தானா? எனக்கே இப்பல்லாம் சந்தேகமா கீது. நான் குடிக்கக்கூட இல்ல அன்னிக்கி. புத்தி எதனா பெசகிப்போச்சான்னு வசந்தா பயந்துக்கினு கீறா." நீ பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்க்காமல், "தெரியல மாமா" என்றாய். பஸ் நகர்ந்தது. அவன் கையை ஆட்டினான்.

அவனுடைய முறையைப் பறித்துவிட்டாய், அது போகட்டும், ஒரு சுற்று போனால் இன்னொரு சுற்று வரும். அவன் கண்ணால் பார்த்ததையே அவன் நம்ப முடியாமல் செய்துவிட்டாயே. இப்போது அவன் கதவைப் பூட்டினேனா என்று மூன்று தரம் திரும்பி வந்து பார்க்கிறானாம். பெண்ணைக் கூப்பிட்டு இன்று என்ன கிழமை என்று கேட்கிறானாம். அந்த ஒரு வார்த்தைக்கு அன்று உனக்கு எந்த நேர்காணலும் தடையில்லை. வேலை கையில் இருக்கிறது, டிக்கெட் கையில் இருக்கிறது. பஸ் படியில் நின்று காதோடு காதாக "ஆமா மாமா" என்றிருந்தால் போதும். நீ அதைக்கூடக் கொடுக்கவில்லை. என் வயிற்றில் பிறந்தவன் மேல் எனக்கு வெறுப்பு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. அன்று வந்தது. இந்த வரியை அடித்துவிட மாட்டேன், நீ படிக்க வேண்டும்.

நாளைச் சாயங்காலம் புதுச் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்குகிறார்கள். குடத்தில் பேர் போட்டு முடித்து முதல் சீட்டை எடுத்துவிட்டால் பிறகு அம்மனே வந்தாலும் ஒரு பேரைச் சேர்க்க முடியாது. நேற்று உன் நைனாவிடம் கடைசியாகக் கேட்டேன். "நீங்க சபையில ஒக்கார்றவரு. எழுந்து ஒரு வார்த்த சொல்லுங்க." அவர் பீடி பற்ற வைத்தார். "பையன் ஏறிப் போவட்டும். போற நேரத்துல பேர கெடுக்காத" என்றார். "உங்க பையன் பேரு கெடாம இருக்கறதுக்கு என் தம்பி பேரு கெடணுமா?" என்றேன். "பொம்பள சபை விசயத்துல வாயி வெக்காத" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அவரும் கெட்டவர் இல்லை. உனக்குப் போர்த்திய அந்தச் சால்வையின் பெருமை அன்று அவர் தோளிலும் விழுந்தது, அதை இறக்க அவருக்கு மனது வரவில்லை. இன்று காலையில் உனக்கு மூன்று முறை போன் அடித்தேன். நீ எடுக்கவில்லை, "பேக்கிங் ம்மா, அப்புறம் பேசறேன்" என்று எழுதி அனுப்பினாய்.

சபைத் தரையில் பெண்கள் கால் வைக்கக் கூடாது என்றுதான் கட்டுப்பாடு. ஊர் குரூப்பில் எழுதக் கூடாது என்று யாரும் இன்னும் கட்டுப்பாடு போடவில்லை. அதில் தலைவர் இருக்கிறார், தேசப்பன் பிள்ளைகள் இருக்கிறார்கள், உன் நைனா இருக்கிறார், நீயும் இருக்கிறாய். இந்தக் கடிதத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுத்து, சீட்டுக் குலுக்குவதற்கு முன்னால் அதில் போடப் போகிறேன். உனக்குத் தனியாக அனுப்பவில்லை. எல்லாரும் படிக்கிறபோது நீயும் படி. பெற்ற பிள்ளையைத் தெருவில் நிறுத்திவிட்டாள் என்று என்னைப் பேசுவார்கள், பேசட்டும். விமான நிலையத்துக்கு நான் வரவில்லை. போய் நல்லபடியாக இரு. உனக்குச் சொல்ல வேண்டியது இவ்வளவுதான், இதற்குக் கீழே இருப்பது ஊருக்கு.

ஊர்ப் பெரியவர்களுக்கு. ஏகாம்பரம் பாடு திருடவில்லை. அவன் போனில் முறை ஒரு ராத்திரி முன்னால் காட்டியது. அது என் மகன் செய்த தப்பு. மறுநாள் மத்தியானம் அவன் அதைச் சரி செய்தான், அதில் பழையது அழிந்துபோய்விட்டது. சபையில் நீங்கள் கேட்டபோது அவனுக்கு இது தெரியும். அவன் நைனாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாளைக்குக் குடத்தில் ஏகாம்பரம் பேர் இருக்க வேண்டும். ஒரு பேரை எடுத்தால்தான் ஒரு பேரைப் போடுவீர்கள் என்றால் எங்கள் பேரை எடுங்கள்.

ஏகாம்பரம், அன்றைக்கு நீ பார்த்தது நிஜம்தான். உன் புத்திக்கு ஒன்றும் ஆகவில்லை, தம்பி.